கேம் இல்லாமல் வந்த காஜா மெஷின்

என் நாற்காலிக்கு இப்போது வந்திருக்கும் தேன்மொழி போன வாரம் போன் செய்தாள். "ரவூப் பாய், விக்கிறவங்களுக்குப் புகார் எழுதுற வேலைய இப்போ கம்ப்யூட்டரே பாத்துக்குது. விஷயத்தை மட்டும் சொன்னா போதும், அதுவே மரியாதையா எழுதிடுது. அதுக்குக் கோவமே வராது பாய்" என்றாள். எனக்கு வயிறு எரிந்தது. கோபம் வராமல் ஒரு புகார் எழுதக் கற்றுக்கொள்ள எனக்கு நாலு வருஷம் பிடித்தது.

அவள் போன் செய்தது அதற்காக மட்டும் இல்லை. பிரச்சினை பண்ணும் பார்ட்டிகளை எப்படிச் சமாளிப்பது என்று பத்து பாயிண்ட் எழுதிக் கொடுக்க வேண்டுமாம், புதிதாகச் சேர்கிறவர்களுக்கு. சரி என்று பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தேன். முதல் பாயிண்டிலேயே மதுராந்தகத்து சிகாமணி ஞாபகத்துக்கு வந்துவிட்டான். நாக்கில் வந்ததையெல்லாம் எழுதிப் பக்கம் நிறைந்துபோனது. அந்தப் பேப்பரைக் கிழித்துப் போட்டேன். எனக்குப் பாயிண்ட் வராது. நடந்ததைச் சொல்லத்தான் வரும், அதையே சொல்கிறேன்.

நான் பதினெட்டு வருஷம் தாம்பரம் பக்கத்தில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் மெஷின் மெக்கானிக். ஒருநாள் கம்பெனியை மூடினார்கள். மெஷின்கள் எல்லாம் ஆன்லைன் ஏலத்துக்குப் போயின. ஏலத்தில் எடுத்தவர் செங்கல்பட்டுக்காரர். அவற்றை ஏற்றிக்கொண்டு போக லாரியோடு வந்தவர், எந்த மெஷின் ஓடும், எது ஓடாது என்று என்னைக் கேட்டார். மூக்கில் நுழையாத மாடல் பெயர்களையெல்லாம் மளமளவென்று சொன்னேன். லாரி கிளம்பும்போது முன் சீட்டில் நானும் உட்கார்ந்திருந்தேன்.

ரயில் நிலையத்துக்குப் பின்னால் அவருக்கு ஒரு குடோனும் கடையும். மூடிப்போன கம்பெனிகளின் மெஷின்களை ஆன்லைனில் ஏலம் கேட்டு எடுப்போம். பழுது பார்த்து, பெயிண்ட் அடித்து, சொந்தமாகத் தையல் தொழில் வைத்திருக்கிறவர்களுக்கு விற்போம். மெஷினைப் பார்க்கும் வேலை என்னுடையது. விற்கிறவனோடு மல்லுக்கட்டும் வேலையும் போகப் போக என் தலையில் விழுந்தது. எனக்கு மேலே வசந்தா மேடம்.

மேடம் திருப்போரூர்க்காரர். எங்களிடம் வருவதற்கு முன்பு அங்கே பத்திரம் எழுதிக்கொண்டிருந்தவர். மனை விற்பனை கொடிகட்டிப் பறந்த ஊர் அல்லவா, ஒரே மனையை மூன்று பேருக்கு விற்றவனையெல்லாம் எதிரில் உட்கார வைத்து எழுதிய கை அது. சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. யாராவது கத்தினால் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைக்க ஆரம்பித்துவிடுவார். துடைத்து முடிப்பதற்குள் கத்துகிறவனுக்கே சலித்துவிடும்.

ஏலப் பக்கத்தை அவர் படிப்பதே ஒரு தினுசு. "மனைக்கு நான்கெல்லை உண்டில்ல, மெஷினுக்கும் உண்டு" என்பார். முன்பக்கம், பின்பக்கம், இடம், வலம் என்று நாலு படம் இருக்க வேண்டும். மூன்று படம்தான் போட்டிருக்கிறானா, நாலாவதைக் கேட்டு எழுதுவார். அவன் அனுப்பவில்லை என்றால் ஏலமே கேட்க விடமாட்டார். "காட்டாத பக்கத்துலதான் வில்லங்கம் இருக்கும் பாய்." பார்சல் வந்தால் இரண்டு பேர் நின்று பிரிக்க வேண்டும். பிரிப்பதை நடுவில் நிறுத்தாமல் வீடியோ எடுக்க வேண்டும். பிறகு மெஷினில் துணி வைத்துத் தைத்துப் பார்க்க வேண்டும். அதற்கப்புறம்தான் ஏலத் தளத்தில் இருக்கும் 'பொருள் நல்லபடியாகக் கிடைத்தது' என்ற பச்சைப் பொத்தானை அமுக்கலாம். அதை அமுக்கும்வரை நம் பணம் தளத்திடம் பத்திரமாக இருக்கும். அமுக்கிவிட்டால் பணம் விற்றவனுக்குப் போய்விடும், அதோடு புகார்க் கதவும் மூடிவிடும்.

சேர்ந்த புதிதில் ஓர் ஓவர்லாக் மெஷின் வந்தது. உடம்பில் விரிசல். விரிசலுக்கு மேலே மக்கு வைத்துப் பெயிண்ட் அடித்து மறைத்திருந்தான் அந்தப் புண்ணியவான். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. உட்கார்ந்து ஒன்றரைப் பக்கம் எழுதினேன். அவன் பரம்பரையில் யாரையும் விடவில்லை. மேடத்திடம் பெருமையாக நீட்டினேன். அவர் சிவப்புப் பேனாவை எடுத்து ஒவ்வொரு வரியாக அடித்துக்கொண்டே வந்தார். "ஃபிராடு... இது வேணாம். மனசாட்சி இல்லாத... இதுவும் வேணாம். உன் பிள்ளைகுட்டி... பாய், அவன் பிள்ளைகுட்டி நமக்கு மெஷின் விக்கலையே?" ஒன்றரைப் பக்கத்தில் கடைசியில் மிஞ்சியது "மெஷின் வந்தது" என்ற இரண்டு சொல்.

அதற்குக் கீழே அவரே மூன்று வரி எழுதினார். நீங்கள் பக்கத்தில் போட்டது: விரிசல் இல்லாத மெஷின். எங்களுக்கு வந்தது: விரிசல் உள்ள மெஷின், வீடியோ இணைப்பில். எங்களுக்கு வேண்டியது: நீங்களே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும், எந்தத் தேதி வருவீர்கள்?

"இவ்ளோதானா மேடம்? இதுல காரமே இல்லையே" என்றேன்.

"நீங்க திட்டினா அவன் திட்டுக்குப் பதில் சொல்லுவான். தேதி கேட்டா தேதிதான சொல்லியாகணும்?"

ஒரு மணி நேரத்தில் அவன் தேதி சொல்லிவிட்டான். எனக்குச் சந்தோஷத்தைவிட ஏமாற்றம்தான் அதிகம். அவ்வளவு அருமையான வசவுகள், எல்லாம் வீணாகப் போயின.

இன்னொருவன் இருந்தான். அவன் பொருளை ஏலத்தில் போட்டால், நாங்கள் விலை ஏற்றியதும் இன்னொரு ஆள் வந்து ஏற்றுவான். நாங்கள் நின்றால் அவனும் நிற்பான். மேடம் ஒருநாள் பாதியில் "போதும், கையை எடுங்க" என்றார். ஏலம் அந்த இன்னொரு ஆள் பெயரில் முடிந்தது. மறுநாள் விற்றவனே போன் செய்து, "சார், எடுத்தவரு பின்வாங்கிட்டாரு, கடைசியா நீங்க கேட்ட ரேட்டுக்கே தந்துடறேன்" என்றான். மேடம் போனை என்னிடமிருந்து வாங்கி, "ஏன், உங்க மச்சானுக்கு மெஷின் புடிக்கலையா?" என்று மெதுவாகக் கேட்டார். விற்றவன், "அவன் என் மச்சான்னு உங்களுக்கு யாரும்மா சொன்னது?" என்றான். யாரும் சொல்லவில்லை, மேடம் குத்துமதிப்பாகத்தான் விட்டார். அந்த மெஷினை அடுத்த மாதம் பாதி விலைக்கு எடுத்தோம்.

இப்படியே நானும் தேறிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் சிகாமணி வந்து சேர்ந்தான்.

கோவளத்தில் கதீஜா என்று ஒரு பெண், ஐந்து பெண்களைச் சேர்த்துக்கொண்டு வீட்டிலேயே தையல் யூனிட் நடத்தி வந்தாள். மூன்று வருஷம் நடையாய் நடந்து, கடற்கரைச் சாலையில் இருக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில் சீருடை ஆர்டர் வாங்கியிருந்தாள். இருநூற்று நாற்பது சட்டை. திங்கட்கிழமை பள்ளி திறப்பு, அதற்கு முந்தின சனிக்கிழமைக்குள் சட்டை போய்ச் சேர வேண்டும். தவறினால் ஆர்டரைச் சென்னை ரெடிமேட் கம்பெனிக்குக் கொடுத்துவிடுவோம், அடுத்த வருஷம் இந்தப் பக்கமே வராதீர்கள் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். சட்டையெல்லாம் தைத்தாகிவிட்டது. பட்டன் துளை போடும் காஜா மெஷின் மட்டும் அவளிடம் இல்லை. "அண்ணே, ஒரு காஜா மெஷின் புடிச்சிக் குடுண்ணே, உனக்குக் கோடிப் புண்ணியம்" என்று என்னிடம் வந்தாள். நானும் நெஞ்சைத் தட்டிக்கொண்டு, "கவலைய வுடுமா, அண்ணன் கீறேன்ல" என்றேன். இந்த நெஞ்சைத் தட்டும் பழக்கத்தை யாராவது ஒழித்துக் கொடுத்தால் தேவலை.

மதுராந்தகத்து சிகாமணி ஒரு பழைய மாடல் காஜா மெஷினை ஏலத்தில் போட்டிருந்தான். 'முழு மெஷின், எல்லாப் பாகங்களும் உள்ளன' என்று எழுதி நாலு பக்கப் படமும் போட்டிருந்தான். மேடமே பார்த்துச் சரி என்றார். எடுத்தோம். சட்டை கொடுக்க இன்னும் ஆறு நாள் இருக்கும்போது, ஞாயிறு மாலை மெஷின் வந்து இறங்கியது. மேடம் சொந்தத்தில் ஒரு கல்யாணம் என்று செவ்வாய் வரைக்கும் லீவில் இருந்தார்.

திங்கட்கிழமை காலை கடையைத் திறந்ததும் மெஷினைப் பிரித்தேன். கோவளத்துக்குப் போக வேண்டிய லோடு ஆட்டோ வாசலில் நின்றுகொண்டிருந்தது. கதீஜா அதற்குள் நாலு தடவை போன் செய்துவிட்டாள். கரண்ட் கொடுத்தேன், மோட்டார் ஓடியது, ஊசி சரக் சரக்கென்று ஏறி இறங்கியது. அந்த நேரம் பார்த்து சிகாமணியின் போன்.

"அண்ணாத்த, மெஷின் வந்துச்சா? ஊசி ஓடுதா?"

இங்கே போணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அன்றைய முதல் வியாபாரம் போணி. அது நல்லபடியாக முடிந்தால்தான் அன்றைய பொழுது ஓடும் என்பது கடை வைத்திருக்கிற எல்லாருடைய நம்பிக்கை. இதற்கு மதம் கிடையாது. நான் பிஸ்மி சொல்லித்தான் ஷட்டரைத் தூக்குவேன், ஆனாலும் போணி ஆகும்வரை 'இல்லை' என்ற சொல் என் வாயிலிருந்து வராது. அந்த நேரத்தில் யாரோடும் சண்டை கூடாது, சாமான் திரும்ப வரக் கூடாது, மூஞ்சியைச் சுளிக்கக் கூடாது. சிகாமணியும் கடைக்காரன், அவனுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் ஒன்பது மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது போன் செய்திருக்கிறான் படுபாவி.

"ஓடுதுப்பா" என்றேன்.

"அப்ப அந்தப் பச்சைப் பொத்தானை அமுக்கி வுட்டுடுண்ணே. என் கடைக்கும் போணி ஆவட்டும். உன் கையால ஆனா ராசிண்ணே."

உன் கையால ஆனால் ராசி என்று ஒருவன் சொல்லும்போது எந்தக் கடைக்காரனால் மாட்டேன் என்று சொல்ல முடியும்? அமுக்கிவிட்டேன். இரண்டு பேர் நின்று பார்க்கவில்லை, வீடியோ இல்லை, துணி வைக்கவில்லை. மெஷினை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, ஒரு நல்ல காரியம் செய்த நிறைவோடு நாஸ்தா சாப்பிடப் போனேன்.

மதியம் கதீஜாவின் போன். "அண்ணே, இன்னாண்ணே இது? ஊசி ஒரே எடத்துல குத்திகினே கீது. சுத்தி வர மாட்டேங்குது."

தலையில் கல்லைப் போட்ட மாதிரி இருந்தது. அடுத்த பஸ்ஸைப் பிடித்துக் கோவளம் போய் மெஷினைத் திறந்தேன். உள்ளே கேம் இல்லை. கேம் என்பது உள்ளங்கை அகல இரும்பு வட்டு. ஊசி எப்போது இடம் போக வேண்டும், எப்போது வலம் போக வேண்டும் என்று அதுதான் வழிகாட்டும். அது இல்லாத காஜா மெஷின் வெறுமனே ஏறி இறங்கத்தான் செய்யும். அந்த மாடலுக்கு இப்போது யாரும் கேம் செய்வதில்லை. ஒரு துண்டுத் துணியை ஊசிக்குக் கீழே வைத்திருந்தால் அரை நிமிஷத்தில் தெரிந்திருக்கும். பதினெட்டு வருஷம் மெக்கானிக் என்று சொல்லிக்கொள்ளவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

கதீஜாவிடம் உண்மையைச் சொன்னேனா? இல்லை. "பார்ட்டி ஒரு ஸ்பேர் அனுப்ப மறந்துட்டான், ரெண்டு நாள்ல வந்துடும்" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். மூன்று பெண்கள் ஊசியும் நூலுமாகக் கையாலேயே காஜா கட்ட உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு சட்டைக்கு ஆறு துளை. மூன்று பேரும் சேர்ந்தே ஒரு சட்டை முடிய ஒரு மணி நேரம் ஆனது.

சிகாமணிக்குப் போன் போட்டேன். "கேமா? அப்படின்னா இன்னாண்ணே?" என்று பச்சைக் குழந்தை மாதிரி கேட்டான். செவ்வாய்க்கிழமை, "கொரியர்காரன் வழியில எடுத்துட்டிருப்பாண்ணே, காலம் கெட்டுக் கெடக்குது" என்றான். புதன் காலை, "அண்ணாத்த, இன்னிக்குக் கிருத்திகை, திருப்போரூர் கோயில்ல கீறேன், சாமி பாத்துகினு கூப்புடறேன்" என்று வைத்துவிட்டான்.

புதன்கிழமை மேடம் வந்தார். அந்தக் காஜா மெஷின் என்ன ஆச்சு என்று கேட்டார். "கேம் இல்லாம வந்துச்சு மேடம். பார்ட்டி சரியாப் பேச மாட்டேங்குறான். இன்னிக்குக் கிருத்திகையாம், திருப்போரூர்ல கீறானாம்" என்றேன். பச்சைப் பொத்தான் விஷயத்தை மட்டும் விழுங்கிவிட்டேன்.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "இன்னிக்கா கிருத்திகை?"

"அப்படித்தான் சொன்னான்."

"கிருத்திகைன்னா எங்க தெருவுல நடக்கக்கூட இடம் இருக்காது பாய். இன்னிக்குக் காலியான பஸ்ல ஜன்னல் ஓரமா உக்காந்து வந்தேன். முருகருக்கே தெரியாம எந்தக் கிருத்திகை அது?"

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. கிருத்திகை என்றால் மேடம் லேட்டாக வருவார், எனக்குப் பஞ்சாமிர்தம் வரும். இத்தனை வருஷம் அதைச் சாப்பிட்டவனுக்கு இது தெரிய வேண்டாமா? மேடம் ஏலப் பக்கத்தைத் திறந்தார். நான் கூரையைப் பார்த்தேன். 'பொருள் நல்லபடியாகக் கிடைத்தது, திங்கள், காலை 8.57' என்று அவர் நிறுத்தி நிதானமாக வாசித்தார்.

"அமுக்கினது யாரு?"

கை தவறிப் பட்டுவிட்டது என்று சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அவர் எதிரில் பொய் சொல்லிச் சமாளித்தவன் யாரையும் நான் பார்த்ததில்லை. போணி, ராசி, லோடு ஆட்டோ என்று எல்லாவற்றையும் கொட்டினேன். "திட்டுங்க மேடம்" என்றேன். அவர் திட்டவில்லை, ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். வழக்கமான மூன்று வரியோடு நாலாவது ஒன்றும் எழுதச் சொன்னார்: நாம் செய்த தப்பு. 'துணி வைத்துப் பார்க்காமல் பொத்தானை அமுக்கினேன்' என்று எழுதும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. கோவளத்தில் அந்த மூன்று பெண்களும் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருந்தது கண்ணை விட்டுப் போகவில்லை.

மேடம் அதற்குள் தளத்தில் எதையோ துழாவிக்கொண்டிருந்தார். "இங்க வாங்க பாய்" என்றார். அதே மாடல் கேம் ஒன்று தனியாக ஏலத்துக்கு வந்திருந்தது. விற்கிறவன் பெயர் வேறு. விலை ஏறிக்கொண்டிருந்தது. ஏலம் முடிய இன்னும் எட்டு நாள் இருந்தது. படத்தில் கேமை ஒரு மேசை மேல் வைத்திருந்தான். மேசை ஓரத்தில் மைக்கா உரிந்து ஒரு மாங்காய் அளவுக்கு மரம் தெரிந்தது. மேடம் சிகாமணியின் மெஷின் படத்தைப் பக்கத்தில் திறந்து வைத்தார். அங்கேயும் அதே மேசை, அதே மாங்காய்.

"பத்திரம் ரெண்டு, மனை ஒண்ணு" என்றார் மேடம்.

மெஷினிலிருந்து கேமைக் கழற்றி வைத்துக்கொண்டு, மெஷினை நமக்கு ஒரு பெயரில் விற்று, நம் கேமையே இன்னொரு பெயரில் ஏலம் போட்டிருக்கிறான்! அதைக் கேட்டு விலை ஏற்றிக்கொண்டிருந்தவர்களும் அவனிடம் இப்படியே மெஷின் வாங்கி மாட்டிக்கொண்டவர்களாகத்தான் இருப்பார்கள். நான் எழுந்து நின்று பேச ஆரம்பித்தேன். இங்கே எழுத முடியாத வார்த்தைகள். மேடம் கண்ணாடியைத் துடைத்து முடிக்கும்வரை பேசினேன்.

"முடிச்சாச்சா?" என்றார். "தளத்துல புகார் போட முடியாது, கதவு மூடியாச்சு. அவன் போணி நேரத்துல உங்ககிட்ட வந்தான். நாமளும் போணி நேரத்துலயே போவோம்."

வியாழக்கிழமை காலை முதல் ரயிலில் மதுராந்தகம் போனோம். ஏரிக்கரைப் பக்கம் காற்று ஜிலுஜிலுவென்று அடித்தது, எனக்கு மட்டும் உடம்பெல்லாம் கொதித்தது. மேடம் கைப்பையிலிருந்து இரண்டு கிராம்பை எடுத்து என் வாயில் போட்டுக்கொள்ளச் சொன்னார். "இது கரையற வரைக்கும் நீங்க பேசக்கூடாது. உங்க குரல் அவனுக்குத் தெரியும்."

எட்டரைக்குக் கடை திறக்க சிகாமணி வந்தான். நான் பெரிய மீசை வைத்த தடியனை எதிர்பார்த்தேன். வந்தது நெற்றி நிறைய விபூதியோடு ஓர் ஒல்லிப்பிச்சான். ஷட்டரைத் தூக்கினான், தண்ணீர் தெளித்தான், சூடம் ஏற்றிச் சுற்றிக் காட்டினான், திரும்பினான். வாசலில் நாங்கள் நின்றோம்.

"வாங்கம்மா, வாங்க. இன்னா வேணும்?"

"காஜா மெஷின் கேம் ஒண்ணு வேணும்ப்பா" என்று மேடம் மாடலைச் சொன்னார்.

"அது ஆன்லைன்ல ஏலத்துல கீதும்மா."

"பொருள் எங்க இருக்கு?"

"பொருளு இங்கதாம்மா கீது."

"அப்போ இங்கயே குடுத்துடேன். உன் கடைக்கு நாங்கதான போணி?"

அவன் தலையைச் சொறிந்தான். பக்கத்து டீக்கடைக்காரர் இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் ஆள், அதுவும் லட்சணமாக ஒரு பெண்பிள்ளை வந்து கேட்டதற்கு இல்லை என்று சொல்லி அனுப்ப எந்தக் கடைக்காரனுக்கு மனசு வரும்? மேசை டிராயரை இழுத்தான். அந்த மாங்காய் மேசைதான். துணியில் சுற்றிய கேமை எடுத்து மேடம் கையில் கொடுத்தான். மேடம் அதை என்னிடம் நீட்டினார். திருப்பித் திருப்பிப் பார்த்தேன், தேய்மானம் இல்லை. தலையை ஆட்டினேன்.

மேடம் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, விற்பனைப் பக்கத்தை வாசித்துக் காட்டினார். "முழு மெஷின், எல்லாப் பாகங்களும் உள்ளன. இது நீ எழுதினது. கேம் இல்லாம வந்தது. இது எங்களுக்கு வந்தது. இந்தக் கேம் அந்த மெஷினோடது, அதனால எங்களோடது. சும்மா எடுத்துட்டுப் போனா உனக்குப் போணி ஆகாது, அந்தப் பாவம் எங்களுக்கு வேணாம். இந்தா." ஒரு ரூபாய் நாணயத்தை அவன் கையில் வைத்தார்.

கை பழக்கம் பாருங்கள், அவன் அந்த நாணயத்தை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டான். ஒற்றிய பிறகுதான் மூளைக்கு விஷயம் போனது. போணியை வாங்கிக் கண்ணில் ஒற்றியாகிவிட்டது, இனி எந்த வாயால் தகராறு பண்ணுவான்?

அதற்குள் என் கிராம்பு கரைந்துவிட்டது. "இன்னா அண்ணாத்த, சாமி தரிசனம்லாம் நல்லபடியா ஆச்சா?" என்றேன்.

குரலைக் கேட்டதும் அவன் முகத்தில் ஈயாடவில்லை. நாங்கள் படியிறங்கும்போது பின்னாலேயே வந்தான். "அம்மா, ஏலத் தளத்துல அந்த ஸ்டாரு... அஞ்சு போட்டு வுட்டீங்கன்னா..." என்று இழுத்தான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மேடம் ரயிலில் வரும்போதே போனில் எழுதிப் போட்டுவிட்டார். ஒரு ஸ்டார். கீழே இப்படி: 'பாதிப் பொருள் பார்சலில் வரும். மீதி நேரில் போனால் கிடைக்கும். காலையில் போகவும்.'

அடுத்த வாரத்திலிருந்து சிகாமணியின் கடை வாசலில் காலை வேளையில் வேறு ஊர்க்காரர்கள் நிற்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன்.

செங்கல்பட்டில் ரயிலை விட்டு பஸ் ஏறினோம், மேடம் திருப்போரூரில் இறங்கிக்கொண்டார். நான் கேமைக் கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு தனியாகக் கோவளம் போய்ச் சேர்ந்தேன். கையால் கட்டியதில் முப்பது சட்டைதான் முடிந்திருந்தது. மீதி இருநூற்றுப் பத்து ஒரு மூலையில் கிடந்தது. கதீஜா என்னிடம் வா என்று சொல்லவில்லை, உட்கார் என்றும் சொல்லவில்லை. நான் நேராக மெஷினிடம் போனேன். கேமை மாட்டி எண்ணெய் விட்டேன். இந்தத் தடவை ஒரு தடவைக்கு மூன்று தடவை துணி வைத்துப் பார்த்தேன். ஊசி இடது பக்கம் இறங்கி, முனையில் திரும்பி, வலது பக்கம் ஏறியது. கத்தி விழுந்து நடுவில் துளை திறந்தது. கதீஜா ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்து வந்து உட்கார்ந்தாள். ஆறு துளையும் போட்டு முடித்து, சட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

அப்போதே நான் கம்மென்று கிளம்பியிருக்கலாம். முடியவில்லை. "கதீஜா, பார்ட்டி மறந்தான்னு சொன்னேன் பாரு, அது பொய்யி. அவன் திருடினான், அது நெசம். ஆனா உன் கை ராசின்னு அவன் சொன்னதக் கேட்டு, துணி வெச்சிப் பாக்காம நல்லா கீதுன்னு பொத்தானை அமுக்கி வுட்டது நான்தான். தப்பு என் மேலதான்மா" என்றேன்.

அவள் அடுத்த சட்டையை ஊசிக்குக் கீழே வைத்தாள். மெஷின் ஓட ஓட ஆரம்பித்தாள்.

"ஏண்ணே, உனக்கு அறிவுன்னு ஒண்ணு கீதா இல்லியா? நீயெல்லாம் ஒரு மெக்கானிக்கா? மூணு நாளா வூட்டுல ஒலை வெக்கலண்ணே! இவ வெரலைப் பாரு, புண்ணாக் கீது! மூணு வருசம் அந்தப் பள்ளிக்கூட வாசல்ல நாயா நின்னேனே, அது உனக்குத் தெரியாது? எவனோ ராசின்னானாம், இவரு உச்சி குளுந்து அமுக்கினாராம்! அந்தச் சட்டைய எடு. அது இல்ல, அந்தாண்ட கீது பாரு, அத எடு! சும்மா நின்னுகினு கீற, அந்த நூலையாவது வெட்டு!"

நான் தரையில் உட்கார்ந்து கத்தரிக்கோலை எடுத்தேன். சட்டையை நீட்டினேன், முடிந்ததை வாங்கினேன், நூலை வெட்டினேன். அவள் ஒரு துளைக்கு ஒரு திட்டு என்று போட்டுக்கொண்டே இருந்தாள். மற்றப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக நான் யாரிடமும் திட்டு வாங்கியதில்லை.

சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது எண்பது சட்டை முடிந்திருந்தது. எழுந்து சட்டையில் ஒட்டியிருந்த நூலையெல்லாம் தட்டிக்கொண்டு, "நாளைக்கும் வரட்டுமா கதீஜா?" என்று கேட்டேன்.

"வராம? காலைல எட்டு மணிக்கே வந்துடு. இன்னும் பாதிகூட திட்டி முடிக்கல" என்றாள்.

ஏழே முக்காலுக்கே போய் நின்றேன்.